மூன்றாவது கம்பி

முதலில் கேட்டது கதவு மூடிய சத்தமா, முதலில் வந்தது புகை வாடையா என்று பிற்பாடு நீதிமன்றத்தில் என்னிடம் கேட்டார்கள். சத்தம்தான் என்று சொன்னேன். அது சரியாக நினைவிருந்து சொன்னதா, அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டு சொன்னதா, தெரியவில்லை. அன்றைய நாளில் மற்றதெல்லாம் துல்லியமாக நினைவிருக்கிறது. அந்த ஒரு நொடி மட்டும் எத்தனை தடவை யோசித்தாலும் ஒவ்வொரு மாதிரி வருகிறது.

அந்த ஹோட்டலில் எந்த அறையும் அறை மாதிரி இருக்காது. ஒன்று ரயில் பெட்டி. மேலும் கீழுமாகப் படுக்கைகள், ஜன்னலில் பொருத்திய திரையில் மரங்கள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்று கப்பல், வட்ட ஜன்னலுக்கு வெளியே நீல வெளிச்சத்தில் தண்ணீர் அலம்பும். ஒன்று குகை. எல்லாவற்றையும்விட அதிகமாக ஆட்கள் கேட்டு வருவது ஜெயில் அறையைத்தான். அன்றைக்கு வேறு அறை காலியாக இல்லாததால், விசாரணைக்கு வந்த எனக்கு அதைத்தான் கொடுத்திருந்தார்கள்.

"தூங்கினீங்களா அண்ணி?" என்று காலையில் கம்பிகளுக்கு வெளியே நின்றுகொண்டு கேட்டான் ரேடியோ.

"கொஞ்சம்."

"வீட்டுல மெத்தையில தூக்கம் வராதவங்க எல்லாம் இங்கே ஜெயில்ல தூங்கறதுக்கு முன்கூட்டியே புக் பண்ணிட்டு வர்றாங்க. அண்ணன்கிட்ட போட்டோ அனுப்பிட்டேன். 'ரொம்ப நாள் ஆசை நிறைவேறிச்சு'ன்னு பதில் போட்டிருக்கார்."

ரேடியோ என் கணவரின் தம்பி. என் துப்பறியும் தொழிலில் எனக்கிருக்கும் ஒரே உதவியாளும் அவன்தான். அவனை எப்படி அணைப்பது என்பது அவனைப் பெற்ற என் மாமியாருக்கே தெரியாததால் வீட்டில் வைத்த பெயர் அது. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகும் நான் பேசாமல் இருந்தால், அவர் சொல்ல நினைக்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். என் தொழிலின் பாதி அந்த மௌனம்தான். மீதிப் பாதியை ரேடியோ பார்த்துக்கொள்வான்.

நான் கதவையே பார்த்தேன். படுக்கையில் கிடந்த நேரம் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கனமான பழைய இரும்புக் கதவு. கறுப்புப் பெயின்ட் புதுசு. கீல் பக்கமிருந்து மூன்றாவது கம்பியின் அடியில் மட்டும், மூட்டு வீங்கின விரல் மாதிரி ஒரு புடைப்பு. மற்ற கம்பிகளில் அது இல்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை. தெரியாத ஒன்று கண்ணில் பட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதலாளியின் அறை மட்டும் அறை மாதிரியே இருந்தது. நல்ல மேஜை, சோபா, அவரும் விருந்தாளிகளும் சிரித்தபடி நிற்கும் படங்கள்.

"இது குறும்பு இல்லை மேடம். பழி," என்றார் அவர். "ரயில் ரூம்ல ஒரு ஜோடியை உள்ளே வெச்சு வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்கான். அப்புறம் கப்பல் ரூம்ல ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரை. ரெண்டு ரூம்லயும் ஒரு பென்சிலை வெச்சுட்டுப் போயிருக்கான். பென்சில்னா யாருன்னு எனக்குத் தெரியும். என் பழைய ஹோட்டலைக் கட்டின மேஸ்திரி. இந்த ரயிலும் கப்பலும்கூட அங்கேயிருந்து பிரிச்சுக் கொண்டு வந்து மாட்டினதுதான். எப்பவும் காதுல பென்சில் சொருகியிருப்பான்."

பழைய ஹோட்டலில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அங்கேயும் ஒரு ஜெயில் அறை இருந்தது. வருகிறவரை உள்ளே விட்டு, வேடிக்கைக்காக வெளியே பூட்டிவிடுவார்கள். ஒருநாள் ஏசி இயந்திரம் தீப்பிடித்தது. உள்ளே இருந்த இளைஞனால் வெளியே வர முடியவில்லை. உள்ளிருந்து திறக்க வழியே வைக்காமல் அறையைக் கட்டிவிட்டான் என்று மேஸ்திரியைக் குற்றவாளி என்றார்கள். செத்துப்போனவனுக்காகப் பொய் ஜெயிலைக் கட்டினவன் உண்மையான ஜெயிலுக்குப் போனான்.

"இப்போதான் விடுதலையாகி வந்திருக்கான். வந்ததும் இது ஆரம்பிச்சிருக்கு. சாயந்திரம் இன்ஸ்பெக்டர் வர்றார். உங்க ரிப்போர்ட்டைக் கையில குடுத்தா இன்னைக்கே அவனைத் தூக்கிடுவாங்க. மறுபடி உள்ளே போனா இந்தத் தடவை வெளியே வர மாட்டான். வயசாச்சு."

கதவோரம் ஒரு பெண் நின்றிருந்தாள். கஞ்சி போட்ட சீருடை, இடுப்பில் சாவிக்கொத்து. அறைகளைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு அவள்தான் சூப்பர்வைசர்.

"செத்துப்போன பையனோட அக்கா மேடம் இது," என்றார் முதலாளி, அவள் அங்கே இல்லாதது மாதிரி. "அவனைத் தவிர வேற ஆள் கிடையாது இவளுக்கு. நான்தான் கூப்பிட்டு வேலை குடுத்தேன். பிரேதத்தை எடுக்கறதுக்குக்கூட நான்தான் நின்னேன்."

"ஐயா மட்டும் இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ," என்றாள் அவள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பேசியபடியே சோபாவில் சாய்ந்து கிடந்த குஷனைத் தட்டி நிமிர்த்தி வைத்தாள். "அந்த மேஸ்திரியைக் கோர்ட்டுல தினமும் பார்த்தேன் மேடம். குற்றவாளிக் கூண்டுலயும் காதுல பென்சிலோடதான் நின்னான். அவனை விடாதீங்க."

கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது மட்டும் அவள் என்னை நேராகப் பார்த்தாள். பல வருஷம் ஊறப்போட்ட கோபம் அது. அதற்குக் கொதிக்க நெருப்பு தேவையில்லை.

கப்பல் அறையில் ஹெட்மாஸ்டர் எங்களை உட்கார வைத்து விவரமாகச் சொன்னார்.

"மத்தியானம் தூங்கி எழுந்து குளிக்கப் போனேன். குளிச்சுட்டு வந்தா கதவு வெளியே பூட்டியிருக்கு. மேஜை மேல இந்தப் பென்சில். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. அப்புறம் அந்த சூப்பர்வைசரம்மாதான் ஓடி வந்து திறந்தாங்க."

"கப்பல்தானே சார், ஜன்னல் வழியா நீந்தி வந்திருக்கலாமே?" என்றான் ரேடியோ.

"தம்பி, இந்தத் தண்ணியைப் பார்த்துப் பார்த்தே எனக்கு ரெண்டு தடவை வாந்தி வந்துடுச்சு. அது வெறும் லைட்டுன்னு வெயிட்டர் சொல்லித்தான் தெரியும்."

நான் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். அவரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல், "ஆனா ஒண்ணு சொல்லணும்," என்றார். "சர்வீஸ் நல்ல சர்வீஸ். நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள படுக்கையை எவ்வளவு அழகா விரிச்சிருந்தாங்க தெரியுமா! மத்தளம் மாதிரி இழுத்து, மூலையெல்லாம் மடிச்சு."

"கதவுல 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டை மாட்டியிருந்ததா?" என்று கேட்டேன்.

"ஆமா, மாட்டியிருந்தது. ஏன்?"

வெளியே வந்ததும் ரேடியோ ரயில் அறை ஜோடிக்குப் போன் போட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தபடி வைத்தான்.

"அவங்க ரூம்லயும் அட்டை மாட்டியிருந்துச்சாம். மேல் படுக்கையில ஏறி விளையாடிக் கலைச்சுப் போட்டுட்டுப் பல் தேய்க்கப் போயிருக்காங்க. திரும்பி வந்தா தலையணை மேல பென்சில், போர்வையில ஒரு சுருக்கம் இல்லை. அண்ணி, பழிவாங்க வந்தவன் படுக்கையை விரிச்சு வெச்சுட்டுப் போறான். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அண்ணன் ஒரு நாளாவது போர்வையை மடிச்சிருக்காரா?"

"இல்லை."

"அப்போ நம்ம லிஸ்ட்ல இருந்து அண்ணனை எடுத்துடலாம்."

எனக்கு அப்போதே ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளிடம் போவதற்கு முன் அவளுடைய எதிரியைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

மேஸ்திரியின் வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி. ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு வழியை மறித்து நின்றாள்.

"ஹோட்டல்ல இருந்தா? மறுபடி கூட்டிட்டுப் போக வந்தீங்களா? இந்தத் தடவை என்னையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போங்க. இங்கே தனியா உக்காந்து சுவத்தைப் பார்க்கறதுக்கு அங்கேயே பார்த்துக்கறேன்."

"நாங்க போலீஸ் இல்லைம்மா," என்றான் ரேடியோ. "போலீஸா இருந்தா இவ்வளவு அழகா இருப்போமா?"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் கையை எடுத்தாள்.

பின்பக்கக் கொட்டகையில் மேஸ்திரி ஒரு ஜன்னல் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஜன்னல்கள்தான். சின்னது, பெரியது, பாதி முடிந்தது. ஒரு கதவுகூட இல்லை.

"கதவு செய்யறதில்லையா?" என்று கேட்டேன்.

"விட்டுட்டேன்."

காதில் பென்சில் இருந்தது. ரேடியோ கையை நீட்ட, எடுத்துக் கொடுத்தார். பட்டையான பென்சில்; முனையை உளியால் சீவியிருந்தது. நான் பையிலிருந்து ஹோட்டலில் கிடைத்த பென்சில்களை எடுத்து அதன் பக்கத்தில் பலகைமேல் வைத்தேன். அவை பள்ளிக்கூடப் பென்சில்கள். உருண்டையானவை, ஷார்ப்னரில் அழகாகச் சீவியவை. சாய்ந்திருந்த பலகையில் அவை உருண்டு கீழே விழுந்தன. மேஸ்திரியின் பென்சில் வைத்த இடத்திலேயே இருந்தது.

"அதுக்குத்தான் பட்டை," என்றார் அவர். "உருளற பென்சிலை வெச்சுக்கிட்டு சாரத்து மேல நிக்க முடியுமா?"

ரேடியோ குனிந்து பென்சில்களைப் பொறுக்கினான். "இவர் இல்லை அண்ணி. இவரை மாதிரி வேஷம் போட்ட யாரோ. ஹோட்டலே வேஷம் போட்ட ஹோட்டல்தானே."

நான் உட்கார இடம் பார்த்து ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்தேன். இழைப்புளியின் சத்தம் மட்டும் இருந்தது. வெகுநேரம் கழித்து அது நின்றது.

"வழி வெச்சேன்," என்றார் மேஸ்திரி. யாரும் கேட்கவில்லை. "உள்ளே இருந்து திறக்க வழி இல்லாத ரூமை என் கையால நான் கட்டினதே இல்லை. வேஷத்தோட வேஷமா மறைச்சு வைப்பேன். ரயில்ல அபாயச் சங்கிலியை இழுத்தா கதவு திறக்கும். கப்பல்ல சக்கரத்தைத் திருப்பினா திறக்கும்."

"ஜெயில்ல?"

"மூணாவது கம்பி. கீல் பக்கத்துல இருந்து எண்ணணும். அதைப் பிடிச்சுத் திருகினா பூட்டு விழுந்துடும். முதலாளிக்கு நானே காட்டினேன். கைதி தானா வெளியே வந்துட்டா ஜெயில்ல இருந்த மாதிரியே இல்லைன்னு வர்றவங்க குறை சொல்றாங்க, அதை எடுத்துடுன்னார். முடியாதுன்னேன். அதுக்கப்புறம் என்னை ஹோட்டலுக்குள்ளயே விடலை."

"கோர்ட்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். கதவைக் காட்டுன்னாங்க. அது எரிஞ்சு வளைஞ்சுடுச்சு, உடைச்சுப் பழைய இரும்போட போட்டாச்சுன்னு முதலாளி சொல்லிட்டார். கதவு இல்லை, என் பேச்சும் இல்லை."

எனக்குக் காலையில் பார்த்த கம்பி கண்முன் வந்து நின்றது. அதன் அடியில் இருந்த புடைப்பு.

எழுந்து, "சாயந்திரம் ஹோட்டலுக்கு வாங்க," என்றேன். "உங்க கதவை அடையாளம் காட்டணும்."

உள்ளே இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அவர் தனியா வர மாட்டார். நானும் வருவேன்."

ஹோட்டலுக்குத் திரும்பியதும் முதலில் ரயில் அறைக்குப் போனோம். ஜோடி காலையிலேயே அறையைக் காலி செய்திருந்தது. ரேடியோ கதவைச் சாத்திவிட்டு அபாயச் சங்கிலியை இழுத்தான். அது அப்படியே அவன் கையோடு வந்துவிட்டது. பின்னால் ஒரு துண்டுக் கம்பி, முனை கச்சிதமாக வெட்டப்பட்டிருந்தது.

"ரயில் நிக்கலை அண்ணி," என்றான். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

கப்பல் அறையின் சக்கரத்தை ஹெட்மாஸ்டரே திருப்பிக் காட்டினார். அது லொடலொடவென்று சுற்றியதே தவிர எதையும் இழுக்கவில்லை.

ஜெயில் அறையில் நான் தரையில் உட்கார்ந்து மூன்றாவது கம்பியின் அடியைத் தொட்டுப் பார்த்தேன். ரேடியோ சாவியின் முனையால் பெயின்ட்டைச் சுரண்டினான். கறுப்புப் பெயின்ட் செதிலாக உதிர்ந்தது. அதற்குக் கீழே கரி. வெந்து கொப்புளம் கொப்புளமாக எழும்பிய பழைய பெயின்ட். இன்னும் சுரண்டினான். அதற்கும் கீழே, கம்பியையும் சட்டத்தையும் சேர்த்து ஒட்டின வெல்டிங்.

"மேலே பவுடர்," என்றான் ரேடியோ மெதுவாக. "பவுடருக்குக் கீழே அழுக்கு. அழுக்குக்குக் கீழே தழும்பு. அப்போ தழும்புதானே அண்ணி முதல்ல வந்தது?"

"ஆமா. தீப்பிடிக்கறதுக்கு முன்னாடியே யாரோ கம்பியை ஒட்ட வெச்சுட்டாங்க."

"யாரோவா?"

பழைய இரும்போடு போட்டாயிற்று என்று சத்தியம் பண்ணின கதவு. அதைத் தூக்கிப் போட மனசு வராமல் நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, அசல் ஜெயில் கதவு என்று சொல்லி மறுபடி மாட்டியிருக்கிறார். இனி இந்தக் கதவை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம். வருகிறவர்கள் எல்லோரும் கம்பிக்குப் பின்னால் நின்று தங்கள் முகத்தைத்தானே படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

சூப்பர்வைசர் துணி அறையில் இருந்தாள். தரையிலிருந்து கூரை வரை வெள்ளை விரிப்புகள். ஒரு விரிப்பை எடுத்து உதறி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பள்ளிக்கூடப் பென்சில்களை அவள் மடித்து வைத்த விரிப்பின்மேல் வைத்தேன்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"பூட்டறதுக்குப் போன இடத்துல எதுக்குப் படுக்கையை விரிச்சீங்க?" என்று கேட்டேன்.

அவள் கை நின்றது. அதை அவளே இப்போதுதான் உணர்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

"விரிச்சேனா?" என்றாள். பிறகு, "கலைஞ்சு கிடந்ததும் கை போயிருக்கும்," என்றாள். கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள். "யாருக்கும் ஒண்ணும் ஆகலை மேடம். நான் வெளியிலேயேதான் நின்னேன். கத்தினதும் திறந்துட்டேன். அந்த மேஸ்திரி மறுபடி உள்ளே போகணும். என் தம்பி வரமாட்டான்னு தெரியும். ஆனா அவன் வெளியே வந்து காத்து வாங்கறான், வீட்டுல பொண்டாட்டி கையால சாப்பிடறான். அது எனக்குத் தாங்கலை. வேணும்னா என்னையும் பிடிச்சுக் குடுங்க. அவனையும் சேர்த்துக் குடுங்க."

"அக்கா," என்றான் ரேடியோ. அவன் யாரையும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "கொஞ்சம் வாங்க. ஒண்ணு காட்டணும்."

கதவுக்கு முன்னால் அவளை உட்கார வைத்தோம். மூன்றாவது கம்பியைப் பற்றி மேஸ்திரி சொன்னதை நான் சொன்னேன். வெல்டிங்கைக் காட்டினேன். அவள் நம்பவில்லை. "அவன் கதை விடறான்," என்றாள். பிறகு ஒன்றுமே பேசாமல் அந்தப் புடைப்பையே பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்ட மௌனத்தை நான் கேட்டதில்லை. என்னுடையதெல்லாம் ஒரு தொழில் கருவி. அது வேறு.

திடீரென்று போனை எடுத்தாள். அவள் தம்பி கடைசியாக அவளுக்கு அனுப்பிய படம். கம்பிகளுக்குப் பின்னால் நின்று, நாக்கை நீட்டிக்கொண்டு சிரிக்கிறான். அவள் விரலால் படத்தைப் பெரிதாக்கிக் கீழே இழுத்தாள். முகம் போனது, சட்டை போனது, கால் வந்தது. செருப்பு போட்ட அவன் காலுக்குப் பக்கத்தில், மூன்றாவது கம்பியின் அடியில், அதே வீங்கின மூட்டு.

"இத்தனை வருஷமா இவன் மூஞ்சியைத்தான் பார்த்துட்டிருந்தேன்," என்றாள். "கம்பியைப் பார்க்கவே இல்லை."

எழுந்து சீருடையைச் சரிசெய்துகொண்டாள். "ஐயா எப்போ வருவார்?"

"ரிப்போர்ட் கேட்டு இப்போ வருவார்."

"இங்கேயே வரச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுத் துணி அறைப் பக்கம் போனாள்.

முதலாளி உற்சாகமாக வந்தார். "ரிப்போர்ட் ரெடியா மேடம்? இன்ஸ்பெக்டர் கிளம்பிட்டார்." உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். "உக்காந்து பேசுவோம். சொந்த ஜெயில்தானே!" என்று தானே சிரித்தார். நான் தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். ரேடியோ என் பக்கத்தில்.

இந்த இடத்தில்தான் எனக்கு வரிசை குழம்புகிறது. கதவு மூடியது. சாவி திரும்பியது. சூப்பர்வைசர் இரும்பு வாளியைக் கதவோரம் வைத்தாள். அதில் ஈரத்துண்டுகள் கனன்று கனன்று புகைந்துகொண்டிருந்தன.

"என்னம்மா இது? கதவைத் திற!"

"உள்ளேயிருந்து திறந்துக்கங்க ஐயா."

"பைத்தியமா உனக்கு? மேடம், சொல்லுங்க இவளுக்கு!"

ரேடியோ, "அண்ணி..." என்றான். நான் கையை லேசாக உயர்த்தினேன். அவன் நிறுத்திக்கொண்டு போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தான்.

புகை கம்பிகளுக்குள் போனது. அது அவரைக் கொல்லும் புகை இல்லை. தாழ்வாரம் முழுக்கத் திறந்த ஜன்னல்கள். ஆனால் உள்ளே நிற்கிறவருக்கு அது தெரியாது. அவர் முதலில் பூட்டைப் பிடித்து ஆட்டினார். இருமினார். பிறகு யாரும் ஒரு வார்த்தை சொல்லாமலே, யாரும் காட்டாமலே, அவருடைய இரண்டு கைகளும் போய் மூன்றாவது கம்பியைப் பிடித்துத் திருகின.

திருகிக்கொண்டே இருந்தார். கம்பி அசையவில்லை.

வழியே இல்லாத கதவு என்று கோர்ட்டில் சத்தியம் செய்தவர். வழி எங்கே இருக்கிறது என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

"ஏன் ஐயா அந்தக் கம்பி?" என்றாள் சூப்பர்வைசர். "மத்தது எல்லாம் இருக்கே?"

"திறம்மா... மூச்சு முட்டுது..."

"ஏன் அந்தக் கம்பி?"

"அது ஒட்ட வெச்சிருக்கு! திருகாது! திற!"

"யாரு ஒட்ட வெச்சது?"

அறைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஹெட்மாஸ்டர் கப்பலிலிருந்து எட்டிப் பார்த்தார். படியேறி வந்த மேஸ்திரியும் அவர் மனைவியும் தாழ்வாரத்தின் முனையில் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"நான்தான்! நான்தான் ஒட்டச் சொன்னேன்! ஜெயில்னா ஜெயில் மாதிரி இருக்கணும்னு... தீப்பிடிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? திறடி!"

"எப்போ ஒட்டினீங்க?"

"மேஸ்திரி போனதும்! தீக்கு முன்னாடி!"

"இன்னொரு தடவை சொல்லுங்க. சத்தமா. கடைசி ரூம் வரைக்கும் கேக்கணும். என் தம்பி எவ்வளவு சத்தமாக் கத்தியிருப்பான்? அந்த அளவுக்கு."

அவர் இன்னொரு தடவை சொன்னார். அவள் மறுபடி கேட்டாள். அவர் மறுபடியும் சொன்னார். மேஸ்திரியின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். மேஸ்திரி மட்டும் முன்னால் நடந்து வந்து, வாளியை ஒரு பார்வை, உள்ளே இருக்கிறவரை ஒரு பார்வை பார்த்தார். சாவியைக் கேட்கவில்லை. சுவரோரம் போய் நின்று, அவரும் மற்றவர்கள் மாதிரி காத்திருந்தார்.

அவள் அவசரப்படவில்லை. ஒரு குவளைத் தண்ணீரை வாளியில் ஊற்றினாள். புகை சீறி அடங்கியது. அதற்குப் பிறகுதான் பூட்டைத் திறந்தாள். முதலாளி தவழ்ந்த மாதிரி வெளியே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரைத் தூக்கவில்லை.

சூப்பர்வைசர் உள்ளே போனாள். அவர் உட்கார்ந்து கசக்கிய விரிப்பை இழுத்து, மூலையை மடித்துச் சொருகி, கையால் ஒரு தடவை நீவிவிட்டு வெளியே வந்தாள்.

"இன்ஸ்பெக்டர் வந்தாச்சா மேடம்?" என்றாள்.

முதலாளிக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டிலும் அது குறையவில்லை. இப்போது உள்ளேதான் இருக்கிறார். ஹோட்டலை மூடி, அறைகளைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். அந்தக் கதவு நீதிமன்றத்தின் பொருட்கள் அறையில் கிடக்கிறது.

சூப்பர்வைசர்மீது விருந்தாளிகளைப் பூட்டி வைத்ததற்கும், முதலாளியைப் பூட்டி வைத்ததற்கும் வழக்கு நடந்தது. ஹெட்மாஸ்டர் சாட்சிக் கூண்டில் ஏறி, தனக்கு எந்தக் கஷ்டமும் நேரவில்லை, படுக்கை பிரமாதமாக விரித்திருந்தது என்று சொன்னார். அவளுக்குக் கொஞ்ச காலம் சிறை. வெளியே வந்தவள் இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் படுக்கை விரிக்கிறாள். ஒரு தடவை மேஸ்திரி வீட்டுக்குப் போய் வாசலில் நின்றாளாம். அவர் மனைவி கதவைத் திறக்கவில்லை. அவள் அங்கிருந்து போகவும் இல்லையாம். வெயில் ஏறிய பிறகு, திறந்த ஜன்னல் வழியாக ஒரு கை தண்ணீர்ச் சொம்பை நீட்டியதாம். குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

மேஸ்திரி நிரபராதி என்று தீர்ப்பாயிற்று. அவர் இப்போதும் ஜன்னல்தான் செய்கிறார்.

ரேடியோவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அவன் மனைவி அவனைவிட அதிகம் பேசுகிறாள்.

கதவுச் சத்தம்தான் முதலில் என்று நான் இன்றைக்கும் சொல்கிறேன். புகை வாடைதான் முதலில், அப்போது கதவு திறந்துதான் இருந்தது, நீங்க அவரைக் கூப்பிட்டு வெளியே வர வெச்சிருக்கலாம் அண்ணி என்கிறான் ரேடியோ. நாங்கள் அதைப் பற்றி அதற்குமேல் பேசுவதில்லை.